'டிரையல்ல சேருறீங்களா?' கிட்னி மாற்று செய்தவரிடம் டாக்டர் கேட்டால் என்ன அர்த்தம்?

அம்மா கொடுத்த கிட்னி. ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. கிரியேட்டினின் நார்மல். வழக்கமான செக்கப்புக்குப் போன இடத்தில், டாக்டர் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார். "புது மருந்துக்கு ஒரு கிளினிக்கல் டிரையல் நடக்குது. சேர விருப்பமான்னு வீட்ல பேசிட்டு சொல்லுங்க."

வீட்டில் பேசினால் முதலில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "நம்மள சோதனை எலியாக்கப் பார்க்கிறாங்க!"

இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிரஷர் மாத்திரை டிரையல் சரிவரவில்லை என்றால் பழைய மாத்திரைக்குத் திரும்பிவிடலாம். மாற்றுக் கிட்னி போய்விட்டால் மறுபடி டயாலிசிஸ்தான். அம்மாவிடம் கொடுப்பதற்கு இன்னொரு கிட்னி கிடையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன், அந்தக் காகிதக் கட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டிரையல்?

புதுக் கிட்னியை உடல் அந்நியனாகத்தான் பார்க்கும். நோய் எதிர்ப்பு சக்தி அதைத் தாக்க ஆரம்பித்தால் அதுதான் 'ரிஜெக்ஷன்'. இதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டு.

இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. கிட்னியைக் காப்பாற்றும் டாக்ரோலிமஸ், நாளாக நாளாக அதே கிட்னியைப் பாதிக்கவும் செய்யும். கை நடுக்கம் வரும், சிலருக்குப் புதிதாக சுகர் வரும். அளவு கூடினால் தொற்று, குறைந்தால் ரிஜெக்ஷன். காலை மாத்திரை போடாமல் போய் ரத்தம் கொடுத்து 'டாக்ரோ லெவல்' பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, எவ்வளவு கொடுத்தால் போதும் என்று டாக்டர்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ டிரையலில் சேர்ந்ததால்தான் தெரியும்.

1,645 பேர் சொன்ன பதில்

'சிம்பொனி' என்று ஒரு டிரையல். 15 நாடுகளில் 1,645 கிட்னி மாற்று நோயாளிகள். 2007-ல் முடிவு வெளியானது. அப்போது இரண்டு பிரச்சினைகள் இருந்தன. பழைய மருந்தான சைக்ளோஸ்போரினை வழக்கமான அளவில் கொடுத்தால் கிட்னி கெடுகிறது. குறைத்தால் ரிஜெக்ஷன் வருமோ என்று பயம்.

நோயாளிகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு டாக்ரோலிமஸ், குறைந்த அளவு சிரோலிமஸ். எல்லாக் குழுவுக்கும் மைக்கோபினோலேட்டும் ஸ்டீராய்டும் உண்டு.

ஓராண்டு கழித்துப் பார்த்தால், குறைந்த டாக்ரோலிமஸ் குழுவில் ரிஜெக்ஷன் 12.3 சதவீதம். வழக்கமான சைக்ளோஸ்போரின் குழுவில் 25.8 சதவீதம். சிரோலிமஸ் குழுவில் 37.2 சதவீதம். கிட்னி வேலை செய்யும் திறனும் டாக்ரோலிமஸ் குழுவில்தான் அதிகம். இன்று உலகம் முழுக்க கிட்னி மாற்று வார்டுகளில் எழுதப்படும் மருந்துச் சீட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இதே கணக்கை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கணும். சிரோலிமஸ் குழுவில் விழுந்தவர்களுக்கு அது நல்ல முடிவு இல்லை. அந்த மருந்து கிட்னிக்குப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று நம்பித்தான் அதைச் சேர்த்தார்கள். எது நல்லது என்று டாக்டருக்கே முன்கூட்டியே தெரியாது என்பதால்தான் டிரையல். "டாக்டர் எனக்கு நல்லதுன்னுதானே சொல்றாரு" என்று நினைத்துக்கொண்டு சேர்வது முதல் தவறு.

நம்மை ஒதுக்கி வைத்தாலும் சிக்கல்

கொரோனா காலத்தை எடுத்துக்கொள்வோம். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளின் பெரிய டிரையல்களில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களைச் சேர்க்கவில்லை. விளைவு? ஊசி வந்தபோது, உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு அது வேலை செய்யுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு கனடாவின் டொரண்டோவில், உறுப்பு மாற்று செய்த 120 பேரை வைத்து ஒரு டிரையல் நடந்தது. இரண்டு டோஸ் போட்டவர்களில் பாதிப் பேருக்கு மூன்றாவது டோஸ், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர் ஊசி. போதுமான அளவு ஆன்டிபாடி வந்தது மூன்றாவது டோஸ் குழுவில் 55 சதவீதம் பேருக்கு. உப்பு நீர் குழுவில் 18 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு டோஸ் போதாது என்பதற்கு 2021-ல் இப்படித்தான் ஆதாரம் கிடைத்தது.

டம்மி மாத்திரை கொடுத்துவிடுவார்களா?

வீட்டில் எல்லோரும் பயப்படும் கேள்வி இது. கிட்னி மாற்று டிரையல்களில் டம்மி என்றால், இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு வெறும் மாவு மாத்திரை தருவது என்று அர்த்தமில்லை. வழக்கமான மருந்து தொடரும். அதற்கு மேல் கூடுதலாக ஒரு குழுவுக்குப் புது மருந்து, இன்னொரு குழுவுக்கு டம்மி.

2024-ல் முடிவு வெளியான ஃபெல்சார்டமாப் டிரையல் அப்படிப்பட்டதுதான். ஆபரேஷனுக்குப் பல மாதங்கள், ஏன் பல ஆண்டுகள் கழித்துக்கூட ஆன்டிபாடிகள் கிட்னியைத் தாக்கும் ஒருவகை ரிஜெக்ஷன் உண்டு. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தே கிடையாது. வியன்னா, பெர்லின் நகரங்களில் 22 நோயாளிகளிடம் இந்தப் புது ஊசியைப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்கு பயாப்சியில் ரிஜெக்ஷன் அடங்கியிருந்தது. டம்மி பெற்று பயாப்சி பார்க்கப்பட்ட 10 பேரில் 2 பேருக்கு மட்டுமே.

உடனே 'வந்தாச்சு அதிசய மருந்து' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ண வேண்டாம். அடங்கிய 9 பேரில் 3 பேருக்கு, மருந்து நிறுத்திய பின் ரிஜெக்ஷன் திரும்பி வந்தது. அதோடு 22 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பெரிய டிரையல் முடிந்தால்தான் முழு விடை கிடைக்கும்.

தோற்றுப்போன கதைகளும் இருக்கு

1990-களின் கடைசியில், டி-செல்களின் சிக்னலைத் தடுக்கும் ஓர் ஆன்டிபாடி மருந்து குரங்குகளில் பிரமாதமாக வேலை செய்தது. மாற்றிய கிட்னி ரிஜெக்ட் ஆகவில்லை. மனிதர்களிடம் வந்தபோது சிலருக்கு ரத்தக்கட்டு ஏற்பட்டது. டிரையல் நிறுத்தப்பட்டது. குரங்குக்கு நல்லது மனிதனுக்கும் நல்லது என்ற உத்தரவாதம் இல்லை.

சில நேரம் தோல்வி மாதிரித் தெரிவது பிறகு வெற்றியாகும். மாதம் ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றும் பெலாடாசெப்ட் மருந்துக்கு 666 பேரிடம் நடந்த டிரையலில், முதல் ஆண்டு ரிஜெக்ஷன் சைக்ளோஸ்போரின் குழுவில் 7 சதவீதம். பெலாடாசெப்ட் கொடுத்த இரு குழுக்களில் 17, 22 சதவீதம். மோசம்தானே? ஆனால் ஏழு ஆண்டு முடிவில், மரணமோ கிட்னி இழப்போ ஏற்படும் அபாயம் பெலாடாசெப்ட் குழுவில் 43 சதவீதம் குறைவு. ஓராண்டோடு கணக்கை மூடியிருந்தால் தப்பான முடிவுக்கு வந்திருப்பார்கள். இந்த மருந்திலும் ஒரு கண்டிஷன் உண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் முன்பு தொற்றாதவர்களுக்குத் தரக்கூடாது, நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் அதிகம் என்பது டிரையல்களில்தான் தெரிய வந்தது.

பன்றி கிட்னி செய்தியும் டிரையல்தானா?

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டனில் ரிச்சர்ட் ஸ்லேமேன் என்பவருக்கு மரபணு மாற்றப்பட்ட பன்றியின் கிட்னி பொருத்தப்பட்டது நினைவிருக்கும். இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். மாற்றுக் கிட்னியால் இறந்ததாகத் தெரியவில்லை என்று மருத்துவமனை சொன்னது. அது டிரையல் இல்லை. வேறு வழியில்லாத ஒருவருக்கு அமெரிக்க அரசு கொடுத்த தனி அனுமதி. முறையான டிரையல்களுக்கு அந்நாட்டில் 2025-ல்தான் அனுமதி வந்தது.

நம்ம ஊர்ல சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்தான் இதற்கு அடிப்படை. எந்த டிரையலுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்கணும். ஒரு சட்ட வல்லுநர், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண நபர் கட்டாயம்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி "இங்க ஒரு சைன்" என்பது செல்லாது. படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

டிரையலின்போது உடல்நலம் பாதித்தால், அதற்கும் டிரையலுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை இலவச சிகிச்சை தர வேண்டும். டிரையலால்தான் பாதிப்பு என்றால் இழப்பீடும் உண்டு. மரணத்துக்கான கணக்கு 8 லட்சம் ரூபாய் என்ற அடிப்படைத் தொகையில் தொடங்கி, வயது, நோயின் தீவிரம் இவற்றை வைத்து மாறும். ஓர் உயிருக்கு ஃபார்முலாவா என்று படிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கையெழுத்துக்கு முன் என்ன கேட்கணும்?

முதல் கேள்வி: "இப்போ நான் சாப்பிடுற மாத்திரையில எதை நிறுத்துவீங்க, எதைக் குறைப்பீங்க?" கூடுதலாக ஒரு மருந்து தருவது வேறு, டாக்ரோலிமஸையே மாற்றுவது வேறு. இரண்டாவதில் ஆபத்து அதிகம். ரிஜெக்ஷன் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எத்தனை பயாப்சி, அவசரத்துக்கு ராத்திரியில் யாருக்கு போன் பண்ணுவது என்பதையும் கேளுங்கள். டிரையல் முடிந்த பிறகு அந்த மருந்து கிடைக்குமா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் கேட்கலாம். இதற்கெல்லாம் பதில் சொல்ல நேரமில்லாத டிரையலில் சேர அவசரப்பட வேண்டாம்.

டிரையல் உண்மையானதா என்று நீங்களே பார்க்க முடியும். இந்தியாவில் நடக்கும் டிரையல்கள் சிடிஆர்ஐ எனப்படும் அரசு இணையப் பதிவேட்டில் ஏற வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். படிவத்தில் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டு, மாதம், ஓர் எண் இருக்கும். அதைப் போனில் தேடினால் யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், எந்த ஊர்களில் என்று எல்லாம் வரும்.

சேர மாட்டேன் என்று சொல்லலாம். சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கவும் கூடாது. விலகுவதாக இருந்தால் ஒன்று மட்டும். டிரையல் மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, பழைய மருந்துக்கு மாறி, டாக்ரோ லெவல் பார்த்த பிறகு வெளியே வாங்க.