பாலாற்றங்கரைப் பிள்ளைகள் – 7: கூட ஒருவர் தங்க வேண்டும்

சென்ற வாரம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை திடீரெனப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், ஏழாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறினால், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முந்தின இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டால் யாரிடம் போவது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எனத் தோல் தொழில் ஊர்களில் எங்கே கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "சிஎம்சிக்குக் கூட்டிட்டுப் போங்க." பல்வலிக்கும் இதே பதில்தான் என்பது வேறு.

மனசு சம்பந்தப்பட்டது என்றால், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியின் டவுன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைத் தாண்டி, நகருக்குத் தெற்கே பாகாயத்துக்குப் போக வேண்டும். அங்கே சிஎம்சியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. தொடங்கியவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மனநல மருத்துவர். பாகாயத்தில் அப்போதே ஒரு விதி வைத்தார்கள். நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் மனநல மருத்துவமனை என்றால் மதிலும் பூட்டும்தான். கொண்டுவந்து விட்ட உறவினர் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார். அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் 1950களில் இதற்கு நேர்மாறாக, மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். பாகாயம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கியது. மனநலச் செவிலியர்களுக்கு நாடெங்கும் பஞ்சமாக இருந்த காலத்தில் இது கைகொடுத்த ஏற்பாடும்தான். ஆனால் குடும்பம் கூட இருந்ததால் வைத்தியமே மாறிப்போனது. வீட்டில் யார் யாரை எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மருத்துவர் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கோல்மேயர், பெர்னாண்டஸ் என்ற இருவரும் இந்த முறையை 1963இல் அமெரிக்க மனநல இதழில் எழுதினார்கள். மேற்கத்திய மருத்துவர்களுக்கு அன்று அது புதுச் சங்கதி.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த விதிக்கு இன்னும் பலம் அதிகம். மையத்தின் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பிரிவான நம்பிக்கை நிலையத்தில், அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளோடு பெற்றோர் வந்து வாரக்கணக்கில் பயிற்சி பெறுகிறார்கள். பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்து 10 வாரம் பேசிப் பழக்கியபோது, பிள்ளையைப் பற்றிய அவர்கள் மனப்பான்மை மாறியதா என்று அந்த மையத்தின் பால் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியவர்களும் முறையாகச் சோதித்தார்கள். மாறியது என்ற முடிவு 1999இல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியானது. பெற்ற தாயே "இது எதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் எந்தப் பயிற்சியும் பிள்ளையிடம் ஒட்டாது.

பரிசோதனை என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் ஊசியையும் ஸ்கேனையும் நினைத்து மிரள்வார்கள். உள்ளே நடப்பது பெரும்பாலும் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். சேகன் பலகை என்று ஒன்று உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் எனப் பத்து மரத்துண்டுகளை அதனதன் குழியில் வைக்க வேண்டும். எத்தனை நொடியில் வைக்கிறது என்று பார்ப்பார்கள். தோல் ஊர்களுக்கு இந்தப் பலகை ரொம்பவும் பொருத்தம் என்பேன். ஆம்பூரில் ஒரு பிள்ளை வீட்டில் உருது பேசும், தெருவில் தமிழ் பேசும், பள்ளியில் இங்கிலீஷில் அடி வாங்கும். கேள்வி பதிலாக நடக்கும் சோதனையை அந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் வைப்பது? காமத் என்பவர் 1934இல் பினே நுண்ணறிவுச் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காகத் திருத்தி அமைத்தார். அதன் வழிவந்ததைத்தான் இன்றும் பல இடங்களில் வைக்கிறார்கள். மொழி தெரியாமல் வாங்கிய குறைந்த மதிப்பெண்ணை மூளைக் குறையாக எழுதிவிட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் கூடவே வரும்.

வைன்லேண்டு அளவுகோல் இன்னும் சுவாரஸ்யம். நாகபுரியில் மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்றபடி மாற்றித் தந்தது. இதில் கேள்விகள் பிள்ளைக்கு இல்லை, தாய்க்கு. தானே பொத்தான் போடுகிறாளா, கடைக்குப் போய் சாமான் வாங்கிவருகிறாளா என்று கேட்டுச் சமூக வயதைக் கணக்கிடுவார்கள். ஷூ கம்பெனி பஸ் விடிந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடுகிற வீட்டில், பத்து வயதுப் பெண் சோறு வடிப்பாள், தம்பிக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவாள். அளவுகோலில் அவள் வயதை மீறித்தான் நிற்பாள். அது கெட்டிக்காரத்தனமா, ஷிப்ட் நேரத்தின் விளைவா என்பதை எண் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டறிய வேண்டும்.

இனி இந்த வட்டாரத்தின் மிகவும் வலி தரும் கணக்கு. பாகாயத்தை அடுத்த கணியம்பாடி ஒன்றியம் தோல் தொழில் ஊர் அல்ல, பெரும்பாலும் விவசாயக் கிராமங்கள். அங்கே சிஎம்சியின் சமூக நல மருத்துவத் துறையினர் நெடுங்காலமாக வீடு வீடாகப் பிறப்பு, இறப்பைப் பதிந்துவருகிறார்கள். 1,08,000 பேர் கொண்ட அந்தப் பகுதியில் 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுக்குள் இறந்தவர்களின் கணக்கை ஆபிரகாம் ஜோசப், ஜெயப்பிரகாஷ் முளியில் உள்ளிட்ட குழுவினர் எடுத்தார்கள். 2004இல் அது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தற்கொலை விகிதம் ஆண்பிள்ளைகளில் ஒரு லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளில் 148. எல்லா வயதினரையும் சேர்த்த உலகச் சராசரி அப்போது சுமார் 15. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனவர்கள்.

போலீஸ் ஏட்டில் இந்த எண் கிடைத்திருக்காது. "தீராத வயிற்றுவலி" என்று எழுதி முடித்த மரணங்கள் எத்தனையோ; செய்தித்தாள் படிப்பவர்களுக்கு அந்த வாக்கியம் பழகிப்போன ஒன்று. கணியம்பாடியில் ஊர்க்காரப் பெண்ணே சுகாதாரப் பணியாளர். அவளுக்கு வீடும் தெரியும், வீட்டுச் சண்டையும் தெரியும். நின்றுபோன படிப்பு, பிடிக்காத கல்யாணப் பேச்சு, தெரிந்துபோன காதல், தேர்வு, குடிக்கும் அப்பா என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒற்றைக் காரணம் சொல்லிக் கதை முடிப்பவர்களை நான் நம்புவதில்லை.

செய்யக்கூடியவை இருக்கின்றன, செய்ததும் உண்டு. தேர்வில் தவறியவர்கள் ஒரு வருஷம் வீட்டில் முடங்காமல் சில வாரங்களிலேயே மறுதேர்வு எழுதலாம் என்று தமிழ்நாட்டில் வந்ததற்குப் பின்னால் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் வாதாடல் இருக்கிறது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்ததால், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். 2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணில் மனநலத் தொலைபேசி ஆலோசனை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பிறகும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

ஆனால் கூட ஒருவர் தங்க வேண்டும் என்ற பாகாயத்து விதிக்கு இந்தத் தோல் பூமியில் விலை அதிகம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாயிடம் இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருக்கும். பிள்ளைக்கும் அதில் வைத்தியம் உண்டு. அவளே நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 விழுக்காடு, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிள்ளைக்காக வாரக்கணக்கில் பாகாயத்தில் தங்கினால் ஒரு காசும் கிடையாது, அது வெறும் சம்பளமில்லா லீவு. வீட்டில் அப்பர் தைப்பவளுக்கு அட்டையே இல்லை. தொழிற்சாலைச் சட்டம் குழந்தைக் காப்பகம் கேட்டது ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே. பதினான்கு வயதுப் பெண் சட்டத்தின் கண்ணில் பெரியவள்.

91 நாளில் பத்து நாளையாவது பிள்ளையின் மனநலத்துக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று இஎஸ்ஐ விதியைத் திருத்தக் கேட்கலாம். அதற்கு டெல்லி வரை போக வேண்டும். அதுவரை மாவட்ட நிர்வாகங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளில் ஓபி நடப்பது வேலை நாள் காலையில். அதற்குள் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். உருதும் தமிழும் பேசும் உளவியலாளரை ஊருக்கு ஒருவராக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உட்கார வைத்தால், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே வருவார்கள்.

(தொடரும்)

மனம் கனத்திருப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம்.