விதைக்கும் தேதிக்கு ஒரு முன்னறிவிப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் நடுவில் இந்திய வானிலைத் துறை ஓர் எண்ணை வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் நாடு முழுவதற்கும் சேர்த்து எவ்வளவு மழை கிடைக்கும் என்று சொல்லும் சதவீதம் அது. 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுச் சராசரி 87 சென்டிமீட்டர். அதை நூறு என்று வைத்துக்கொண்டு, 96-லிருந்து 104-க்குள் இருந்தால் மழை இயல்பு என்கிறார்கள். மறுநாள் நாளிதழ்களில் அது முதல் பக்கத்துக்கு வந்துவிடும். பங்குச் சந்தை அதைக் கவனிக்கும், நிதியமைச்சகம் கவனிக்கும், ரிசர்வ் வங்கி கவனிக்கும். ஆனால் எந்த ஊரிலும் எந்த விவசாயியும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு காணியில்கூட விதைக்க முடியாது. நம் நாட்டில் சாகுபடியாகும் நிலத்தில் ஏறத்தாழ பாதி இன்னும் வானம் பார்த்த பூமி. அந்த நிலத்துக்கு உரியவர்களுக்கு எந்த முன்னறிவிப்பு, எந்த வடிவில், யார் வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஏப்ரலில் வானிலைத் துறை சொன்னது 96 சதவீதம், பெய்தது 94. ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம் என்று சொல்லித்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள் என்பதால் கணிப்பு பலித்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்த நான்கு மாதங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் கதை வேறு. ஜூனில் மழை குறைந்தது. ஜூலையில் அளவுக்கு மீறிக் கொட்டியது. ஆகஸ்டில் இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. 1901-லிருந்து கணக்கெடுத்தால் அப்படி வறண்ட ஆகஸ்ட் ஒன்று வந்ததே இல்லை. செப்டம்பரில் மறுபடியும் கூடுதல். நாலையும் கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. ஆகஸ்டில் பூத்துக் காய்பிடிக்க வேண்டிய பயிருக்கு ஜூலை வெள்ளமும் செப்டம்பர் மழையும் எப்படி ஈடாகும்?

தமிழ்நாட்டுக்கு இந்தத் தேசியச் சராசரி இன்னும் தூரம். நமக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஏப்ரலில் வெளியாகும் கணிப்பு அந்த மாதங்களைத் தொடுவதே இல்லை. 2015-ல் பசிபிக் கடல் வெப்பமாகும் எல் நினோவால் தென்மேற்குப் பருவமழை 86 சதவீதத்தோடு நின்று நாடு வறட்சியைச் சந்தித்தது. அதே ஆண்டு இறுதியில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. மறுஆண்டு நாட்டுக்கு 97 சதவீதம், இயல்பான மழை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்து, காவிரிப் படுகையில் சம்பா நாற்று வயலிலேயே காய்ந்தது. மத்தியப் பிரதேசத்துச் சோயாவுக்கும் திருவாரூர் நெல்லுக்கும் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த எண் எதற்கு? அது பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறிய முடியுமா என்று அன்றைய அரசு கேட்டது. வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியின் அளவுக்கும் அடுத்து வரும் மழைக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டு, 1886-லிருந்து முறையாகப் பருவக் கணிப்பு வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கினார். 1904-ல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், உலகின் பல மூலைகளில் காற்றழுத்தம் எப்படி ஒன்றோடொன்று பிணைந்து ஏறி இறங்குகிறது என்று தேடிப்போய், எல் நினோவைப் புரிந்துகொள்ள இன்று அடிப்படையாக இருக்கும் தென் அலைவைக் கண்டறிந்தார். இந்திய விவசாயத்தின் கவலையிலிருந்து உலக அறிவியலுக்குக் கிடைத்த பெரிய கொடை அது. ஆனாலும் அன்று கேள்வி கேட்டது அரசாங்கம். தானியத்தை எங்கே சேமிப்பது, வரியை எங்கே தள்ளுபடி செய்வது என்பவை ஆட்சியாளரின் கேள்விகள். இன்றும் அணைநீர்ப் பங்கீட்டுக்கும் பருப்பு இறக்குமதிக்கும் அந்தச் சதவீதம் பயன்படுகிறது, அது தேவையும்கூட. விவசாயியின் கேள்வி வேறு.

அந்தக் கேள்வி என்ன என்பதை மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதிக் கரிசல் மண்ணில் சோயா போடும் ஒரு குடும்பத்தின் இடத்திலிருந்து பார்க்கலாம். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை நல்ல மழை, முப்பது மில்லிமீட்டர். மண் வாசனை எழுகிறது, பக்கத்து நிலத்தில் டிராக்டர் இறங்கிவிட்டது. 75 முதல் 100 மில்லிமீட்டர் வரை மழை பெய்து மண் ஆழமாக நனைந்த பிறகே விதைக்க வேண்டும் என்பது அங்கே வேளாண் துறை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. ஆனால் காத்திருந்தால் பருவம் தள்ளிப்போகும். செப்டம்பரில் காய் முற்றும்போது ஈரம் இருக்காது. இறங்கினால் ஏக்கருக்கு முப்பது கிலோ விதை, அடியுரம், டிராக்டர் வாடகை எல்லாம் ஒரே நாளில் மண்ணுக்குள் போய்விடும். மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதை ஒரு வாரத்துக்குள் முளைத்து இரண்டிலை விடும். அதன்பின் இரண்டு வாரம் மழை இல்லையென்றால் கரிசல் வெடித்து நாற்று கருகும். மறுவிதைப்புக்கு மறுபடியும் கடன் வாங்க வேண்டும், அதுவும் வட்டிக்காரரிடம். ஆக அந்தக் குடும்பம் கேட்பது இதைத்தான்: இந்த மழைக்குப் பிறகு அடுத்த மழை எப்போது?

இந்தக் கேள்விக்கு அறிவியலால் ஓரளவு பதில் சொல்ல முடியும். பருவமழை நான்கு மாதமும் சீராகப் பெய்வதில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதியில் உருவாகும் மேகத்திரள்கள் முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை வடக்கு நோக்கி நகர்வதைப் பொறுத்து மழைக்காலமும் இடைவெளியும் மாறி மாறி வருகின்றன. இந்த நகர்வைப் பின்தொடர்ந்தால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வறண்ட இடைவெளியை ஊகிக்கலாம். வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான்கு வாரத்துக்கான கண்ணோட்டம் வெளியிடுவது இதன் அடிப்படையில்தான். 2025-ல் இந்த முயற்சி ஒரு படி மேலே போனது. மே 24-ல் கேரளத்தையும் 26-ல் மும்பையையும் பருவமழை தொட்டுவிட்டது; முன்கூட்டியே மழை வந்துவிட்டதென்று நாடே மகிழ்ந்தது. அதன் பிறகு வடக்கு நோக்கிய நகர்வு ஏறத்தாழ இருபது நாள் நின்றுபோனது. மத்திய வேளாண் அமைச்சகம் அந்த ஆண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு, உள்ளூரில் தொடர்மழை எப்போது தொடங்கும் என்ற கணிப்பை 13 மாநிலங்களில் 3 கோடியே 80 லட்சம் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அந்த இருபது நாள் தேக்கத்தை இந்தக் கணிப்பு முன்பே பிடித்துவிட்டது. இத்தகைய செய்தி வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை என்பதற்குத் தெலங்கானாவில் 250 கிராமங்களில் நடந்த ஆய்வு சான்று. மழை தாம் நினைத்ததைவிடத் தாமதமாகும் என்று அறிந்தவர்கள் சாகுபடிப் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள். சீக்கிரம் வரும் என்று அறிந்தவர்கள் கூடுதலாகச் செலவிட்டார்கள். நம்பத்தக்க தேதி கிடைத்தால் விவசாயி அதன்படி நடக்கிறார்.

முன்னறிவிப்பை நம்பிக் கெட்டவர்கள் ஏராளம் என்று ஒருவர் சொல்லலாம். அது உண்மைதான். 2002-ல் 101 சதவீதம் என்று சொல்லி 81 பெய்தது. 2009-ல் 96 என்று சொல்லி 78. 2017 ஜூலையில் மராத்வாடாவின் பீட் மாவட்டத்தில் விவசாயிகள் கணிப்பு பொய்த்துப் பயிர் போனதென்று வானிலைத் துறை மீது காவல் நிலையத்திலேயே புகார் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. கணிப்பின் தவறும் நிச்சயமின்மையும் அறிவியலாளரின் அறிக்கையில் இருக்கின்றன. விவசாயியின் காதுக்கு வரும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. ‘ஓரிரு இடங்களில் மிதமான மழை பெய்யக்கூடும்’ என்று வானொலியில் கேட்கிறோம். ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நாலில் ஒரு பங்கில் பெய்தாலே அந்தக் கணிப்பு சரி. மிதமான மழை என்பது 15.6 மில்லிமீட்டரில் தொடங்கி 64.4 வரை போகிறது. கீழ் எல்லையில் நின்றால் புழுதி அடங்கும், மேல் எல்லைக்குப் போனால் ஏர் இறக்கலாம். பத்தில் ஏழு வாய்ப்பு, பத்தில் மூன்று வாய்ப்பு என்று சொன்னால் கிராமத்து மனிதருக்குப் புரியாது என்பது அலுவலகங்களில் இருக்கும் மூடநம்பிக்கை. கடன் வாங்கி விதைப்பவரைவிட வாய்ப்பைக் கணக்கிடத் தெரிந்தவர் யார்? போன பருவத்தில் எத்தனை முறை சொன்னோம், எத்தனை முறை பலித்தது என்ற கணக்கையும் வட்டாரவாரியாக ஊர்ப் பலகையில் எழுதிப்போட வேண்டும். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

ஆடிப்பட்டம் தேடி விதைத்த மண்ணுக்குச் செயற்கைக்கோள் எதற்கு என்று கேட்போரும் உண்டு. பட்டம் என்பது பல தலைமுறை மழையைப் பார்த்துச் சேர்த்த சராசரி; அதைவிட நல்ல சராசரி யாரிடமும் இல்லை. ஆனால் இந்த ஆண்டு அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைப் பட்டம் சொல்லாது. 2021 ஜனவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைப் பருவம் தவறிய மழை சாய்த்தபோது எந்தப் பட்டமும் துணைக்கு வரவில்லை. பட்டமும் முன்னறிவிப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

வலுவான மறுப்பு இன்னொன்று. செய்தி வந்தாலும் கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழு 2020-ல் 11 மாநிலங்களில் ஏறத்தாழ நாலாயிரம் விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு இங்கே பொருந்தும். முன்னறிவிப்பைப் பார்த்து விதைப்பு நாள், ரகம், பாசனம், உரம், மருந்து, அறுவடை என ஒன்பது வேலைகளில் எதையுமே மாற்றாத குடும்பங்களின் ஆண்டு வருமானம் 1.98 லட்சம் ரூபாய். ஒன்பதையும் மாற்றியவர்களுக்கு 3.02 லட்சம். அரசு இதை முன்னறிவிப்பின் வெற்றியாகக் காட்டுகிறது. நான் அப்படியே ஏற்கவில்லை. ஒன்பதையும் மாற்றக்கூடியவருக்குப் பெரும்பாலும் கிணறும் கையிருப்பும் முன்பே இருந்திருக்கும். ஆகவே அறிவுரையோடு பொருளும் போக வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 650 மாவட்டங்களுக்கு மாற்றுத்திட்டங்கள் வகுத்திருக்கிறது: மழை இரண்டு வாரம் பிந்தினால் எந்த ரகம், நாலு வாரம் பிந்தினால் எந்தப் பயிர், ஆறு வாரமானால் என்ன என்று மண்வாரியாக அதில் இருக்கிறது. அருமையான வேலை. ஆனால் அந்த மாற்றுப் பயிரின் விதை அந்த வாரம் கூட்டுறவுச் சங்கத்தில் இல்லாவிட்டால் திட்டம் காகிதம்தான்.

இங்கேதான் ஆள் வேண்டும். மாவட்டத்துக்கான ஐந்து நாள் கணிப்பை வைத்துப் பயிர் அறிவுரை எழுதுவது கணினி வேலை என்று தோன்றும். நாளை மறுநாள் கனமழை என்றால் யூரியா போடாதே, போட்டால் கரைந்து ஓடும் என்பதை இயந்திரமும் சொல்லும். ஆனால் அந்த வட்டாரத்தில் நெல் இப்போது தூர் கட்டுகிறதா பால் பிடிக்கிறதா, எந்த ஊரில் புகையான் பூச்சி ஏறியிருக்கிறது, எந்த ஏரி நிரம்பவில்லை என்பது வயலில் கால் வைத்தவருக்கே தெரியும். இதற்காகவே வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு வல்லுநர், ஒரு பதிவாளர். ஊராட்சி ஒன்றிய அளவில் அறிவுரை. 2024 தொடக்கத்தில் அவை மூடப்பட்டன. தானியங்கிக் கருவிகள் வந்துவிட்ட பிறகு ஆட்கள் எதற்கு என்ற வாதம் அதற்குத் துணை நின்றது. கருவி மழையை அளக்கும், பயிரைப் பார்க்காது. அதே ஆண்டில் வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் மௌசம் இயக்கத்துக்கு 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. மறுஆண்டு ஆறு கிலோமீட்டர் துல்லியத்தில் கணிக்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு வந்தது. இரண்டும் வரவேற்கத் தக்கவை. ஆனால் அணையைப் பெரிதாகக் கட்டிவிட்டு வாய்க்காலைத் தூர்ப்பது எந்த ஊர்க் கணக்கு? அந்தப் பிரிவுகள் மாவட்டந்தோறும் நிரந்தரப் பணியிடங்களோடு இயங்க வேண்டும். விதை தரும் கூட்டுறவுச் சங்கத்தோடும் கடன் தரும் வங்கியோடும் அவை பேச வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட அறிவுரை வெளியாகிறது. மேக்தூத் செயலியில் தமிழிலும் கிடைக்கிறது. 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழில் பேசலாம். 2024 அக்டோபர் முதல் ஊராட்சி அளவிலும் கணிப்பு தருகிறார்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், இந்த அறிவுரையை வாரம் இருமுறை ஊராட்சிப் பலகையில் எழுதிப்போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். சம்பா விதைப்புக்கு முன்பே அது நடைமுறைக்கு வர வேண்டும்.