லீவு: ஒரு சொல், பல பொருள்

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பா மகளைக் கூப்பிடுகிறார். "புதன்கிழமை மூவாரில் அத்தை வீட்டு விசேஷம். கிராணியாரிடம் கொடுக்க ஒரு லீவு கடிதம் எழுதிக் கொடம்மா." இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகள் ஆங்கிலத்திலேயே எழுதுகிறாள்: "ஐ வான்ட் டு லீவ் ஒர்க் ஆன் வெட்னஸ்டே."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் கிராணியார், "என்ன, புதன்கிழமையோடு வேலையை விட்டே போகிறாயா?" என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வரிக்கு அப்படியும் பொருள் உண்டு. "டேக் லீவ்" என்று எழுதியிருந்தால் விடுப்பு எடுக்கிறார் என்று விளங்கியிருக்கும். "லீவ் ஒர்க்" என்றதால் வேலையை விடுவது போலாகிவிட்டது.

ஆங்கிலத்தில் "லீவ்" உண்மையில் இரண்டு சொற்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றுதான்; வேர் வேறு. ஒன்றுக்கு விடுதல், விட்டுப் போதல் என்று பொருள். சாவியை மேசைமேல் விட்டு வைப்பதும், பிள்ளைகளுக்குச் சொத்து விட்டுப் போவதும் இதில் அடங்கும். மற்றொன்றின் பழைய பொருள் அனுமதி. நாம் நாள்தோறும் சொல்லும் "லீவு" இந்த இரண்டாவதுதான். ஓய்வு என்பது அதன் முதற்பொருள் அல்ல; "போய் வா" என்று கொடுக்கும் சம்மதமே முதற்பொருள்.

நம் வீடுகளிலோ வேலைக்குப் போகாத நாளெல்லாம் லீவுதான். தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது.

வார ஓய்வு நாள், வாரம் ஒன்று. பொது விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 11 நாள். இவற்றுக்கு நாம் மனுப்போட வேண்டியதில்லை.

ஆண்டு விடுப்பு, கேட்டுப் பெறுவது. ஓராண்டு வேலை முடித்தவருக்கு 8 நாள். இரண்டு ஆண்டு ஆனால் 12. ஐந்து ஆண்டு ஆனால் 16.

நோய் விடுப்பு, நாம் "எம்.சி." என்பது. இது 14, 18, 22 நாள் என்று சேவைக் காலத்துக்கு ஏற்ப உயரும். மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் தனியாக 60 நாள் வரை உண்டு.

பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாள். அப்பாவுக்கும் 7 நாள் கிடைக்கும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

இவை சட்டம் சொல்லும் குறைந்த அளவு. சங்க ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். முன் அனுமதியின்றி, இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராதவர் வேலை ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்கிறது 15ஆம் பிரிவு. தக்க காரணம் இருந்து, அதை முன்கூட்டியோ முடிந்த விரைவிலோ தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் தப்பலாம். அந்தப் பிரிவின் ஆங்கில வாசகத்தில் "முன் அனுமதி" என்ற இடத்தில் நிற்கும் சொல் எது தெரியுமா? அதே "லீவ்"தான்!

எம்.சி. கையில் இருக்கிறது என்று சும்மா இருப்பதும் ஆபத்து. நோய் விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க முயலவாவது வேண்டும். இல்லையேல் அதுவும் அனுமதியில்லாத நாளாகிவிடும். "தண்டலிடம் வாயால் சொன்னேனே" என்று பிறகு வாதாடுவதைவிட, அன்றே ஒரு வரி எழுதி, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால் அதை அழித்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் எழுதித் தரும் கடிதத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்: எந்த நாள், என்ன காரணம், எந்த நாள் திரும்புவேன். திரும்பும் நாளை எழுதிவிட்டால் "வேலையை விடுகிறார்" என்று யாரும் பொருள் கொள்ள முடியாது.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. தமிழில் "விடை" என்றால் அனுமதி என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால்தான் உறவினர் வீட்டிலிருந்து புறப்படும்போது விடை பெறுகிறோம்; சொல்லாமல் கிளம்புவதில்லை. வேலைக்காட்டிலும் அதே மரியாதைதான். அது நம் சோற்றையும் காக்கும்.

உங்களிடம் நானும் இப்போது விடை பெறுகிறேன்.