வில்லும் ஆணையும்

நுழையும்முன்

வீரனுக்குப் பகைவன் எதிர்ப்படையில் இருப்பான் என்பதே கதைகளின் பொது இயல்பு. சில கதைகளிலோ, அவனுடைய தளபதியே அவனுக்கு எதிரியாகிறான். பாரதக் கதையில் தோன்றும் இம்முரண் இன்றைய அறிவியல் புனைகதை விளையாட்டுகளிலும் தொடர்கிறது. அது எதனால் பிறக்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆவடியில் மூன்று பெயர்கள்

சென்னையின் மேற்கே, அம்பத்தூரை அடுத்துள்ள ஆவடி, படைக்கலத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டில் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பின்னாளில் டி-90 வகை டாங்கி இங்கு உருவாக்கப்பட்டு ‘பீஷ்மா’ எனப் பெயர்பெற்றது. ஆவடியிலேயே வடிவமைக்கப்பட்ட மற்றொரு டாங்கிக்கு ‘அர்ஜுன்’ என்பது பெயர். பாரதப் போரில் எதிரெதிர் நின்ற இருவரின் பெயர்கள் ஒரே ஊரின் படைக்கலங்களுக்கு அமைந்துள்ளன.

அர்ஜுன் டாங்கியினுள் நால்வர் பணியாற்றுவர். தலைவர் இலக்கைக் கண்டு ஆணையிடுவார். சுடுநர் குறிபார்த்துச் சுடுவார். ஒருவர் குண்டு நிரப்புவார். மற்றொருவர் வண்டியைச் செலுத்துவார். கைத்திறன் சுடுநரிடமும் ஆணை தலைவரிடமும் இருக்கின்றன. இவ்விருவரிடையே நம்பிக்கை குலைந்தால் எத்துணை வலிய கவசமும் பயன்படாது. திறன் ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலும் இருப்பது படையின் இயல்பு. வீரனுக்கும் தளபதிக்கும் இடையே தோன்றும் முரணின் வேரும் அதுவே.

பத்து நாள் இழப்பு

பாரதக் கதையில் கௌரவர் படைக்கு முதல் தளபதி பீஷ்மர். போர் தொடங்குமுன் அவர் இருபுறத்து வீரர்களையும் அவரவர் ஆற்றலுக்கேற்பத் தரம் பிரிக்கிறார். அப்போது கர்ணனை ‘அர்த்தரதன்’, அதாவது பாதித் தேர்வீரன், என்று அவையறியக் குறைத்துக் கூறுகிறார். அர்ச்சுனனுக்கு நிகராகத் தன்னைக் கருதிய கர்ணனால் இச்சொல்லைப் பொறுக்க இயலவில்லை. பீஷ்மர் உயிருடன் போரிடும்வரை தான் களம் புகுவதில்லை எனச் சூளுரைக்கிறான்.

இதனால் பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாள்கள் கௌரவர் படையின் மிகச் சிறந்த வில்லாளி போரிடவில்லை. துரியோதனன் நம்பியிருந்த பேராற்றல் ஒரு சொல்லால் பயனற்றுப்போயிற்று. பத்தாம் நாள் பீஷ்மர் அம்புப் படுக்கையில் வீழ்ந்த பின்னர், கர்ணன் தனியே சென்று அவரை வணங்குகிறான். அவரும் அவனது வீரத்தைப் புகழ்ந்து வாழ்த்துகிறார். அந்தப் புகழ்ச்சி பத்து நாள்களுக்கு முன்னர் வந்திருக்க வேண்டும்.

துரோணருக்குப்பின் கர்ணனே தளபதியாகிறான். அவனுக்குத் தேரோட்ட வந்த சல்லியன் களத்திலேயே அவனை இகழ்ந்து பேசுகிறான். வீரனாக இருந்து தளபதியை எதிர்த்தவன், தளபதியானதும் தன் தேரிலேயே எதிர்ப்பைச் சந்திக்கிறான். இக்கதையைத் தொண்டை மண்டலத் தெருக்கூத்து ‘கர்ண மோட்சம்’ என்னும் பெயரில் இன்றும் ஆடிவருகிறது.

விண்வெளியில் அதே முரண்

1998ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டு மனிதர்கள் தொலைதூரக் கோள்களில் குடியேறிய காலத்தைக் கற்பனை செய்கிறது. ஜிம் ரேனர் என்பவன் ஒரு கோளின் காவல் அலுவலர். கொடிய அரசை எதிர்க்கும் ஆர்க்டரஸ் மெங்ஸ்க் என்பவனின் புரட்சிப் படையில் அவன் சேர்கிறான். மெங்ஸ்க் விடுதலை பற்றிப் பேசுகிறான். ரேனர் அதனை நம்புகிறான்.

டார்சோனிஸ் என்னும் தலைநகர்க் கோளில் அந்நம்பிக்கை முறிகிறது. பகையரசை வீழ்த்துவதற்காக, உயிர்களை விழுங்கும் வேற்றினக் கூட்டத்தை மெங்ஸ்க் அக்கோளுக்கு வரவழைக்கிறான். குடிமக்கள் அழிவதை அவன் பொருட்படுத்தவில்லை. அவனது ஆணைப்படி களத்தில் நின்ற கெரிகன் என்னும் படைத்தலைவி, எதிரிகள் சூழ்ந்தபோது உதவி கேட்கிறாள். மெங்ஸ்க் அவளைக் கைவிட்டுக் கப்பல்களைப் புறப்படச் சொல்கிறான். ரேனர் அவனைவிட்டுப் பிரிகிறான், மெங்ஸ்க் பேரரசனாகிறான். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த தொடர்ச்சியில் மெங்ஸ்க்கின் உயிரைப் பறிப்பவள், அன்று கைவிடப்பட்ட கெரிகனே.

ஆடுபவரின் பொறுப்பு

கூத்தைப் பார்ப்பவர் கர்ணனுக்காக இரங்கலாம். ஆனால் கதைக்குள் அவருக்குச் செயல் இல்லை. விளையாட்டில் நிலை வேறு. கெரிகனின் படையை நிறுத்துபவரும் அவளது போரை நடத்துபவரும் ஆடுபவரே. மெங்ஸ்க்கின் ஆணையை நிறைவேற்றி முடித்த பின்னரே அதன் உட்பொருள் அவருக்கு விளங்குகிறது. “ஆணையிட்டவர் குற்றவாளி எனில், நிறைவேற்றியவர் யார்?” என்னும் வினா அவரையே நோக்கி எழுகிறது. பழங்கதைக்கு இவ்விளையாட்டு சேர்த்த புதுமை இதுவாகும்.

எதிர்ப்பின் இருவகை

கர்ணன், ரேனர் இருவருமே தளபதியை எதிர்த்தவர்கள். ஆயினும் இருவரின் எதிர்ப்பும் ஒன்றன்று. கர்ணன் தன் மானத்துக்கு நேர்ந்த இழிவுக்காக விலகினான். அதன் இழப்பை அவனுடைய தோழர்கள் சுமந்தனர். ரேனர் கைவிடப்பட்ட பிறரின் உயிருக்காகப் பிரிந்தான். அதன் இழப்பைத் தானே ஏற்றான். எனவே, தலைமையை எதிர்ப்பது சரியா தவறா என்பதைவிட, யாருக்காக எதிர்க்கிறோம் என்பதே முதன்மையான வினா.

தலைமைக்கும் இதில் பாடம் உண்டு. திருக்குறளின் ‘படைமாட்சி’ அதிகாரம் படைக்குத் தலைவரின் இன்றியமையாமையைக் கூறி முடிகிறது. அத்தலைமை வீரனின் தகுதியை மதிக்கவும் அவனது உயிரைப் பேணவும் கடமைப்பட்டது. பீஷ்மர் முதற்கடமையில் தவறினார்; மெங்ஸ்க் இரண்டாவதில் தவறினான். பணிவைக் கேட்கும் உரிமை, பணிபவரைக் காக்கும் தலைமைக்கே உண்டு.

தெரிந்து தெளிவோம்

டி-72 டாங்கியின் உடற்பகுதியில் அர்ஜுன் டாங்கியின் சுழல்மேடையைப் பொருத்தி ஒரு மாதிரி டாங்கி உருவாக்கப்பட்டது. வழக்கில் அது ‘கர்ணா’ என்று குறிக்கப்பட்டது. ஆய்வோட்டங்களுக்குப்பின் இராணுவம் அதனை ஏற்கவில்லை.