வேப்பிலை கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்த வட்டம் என்பது முக்கியமல்ல. பிப்ரவரி 12-ஆம் தேதி காலை. அப்பா சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் இரவே உடம்பு கதகதவென்று இருந்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள். மாலைக்குள் அவற்றில் பல, நீர் கோத்த சிறு கொப்புளங்களாகிவிட்டன.

பாட்டி தாமதிக்கவில்லை. "அம்மை வார்த்திருக்கு" என்று சொல்லி, தோட்டத்து வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வாசலில் செருகிவிட்டார். இனி அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த வீட்டாரும் பிறர் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அம்மாவுக்கு இரண்டு கவலைகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவுக்கு இந்த மாதக் கடைசியில் செய்முறைத் தேர்வு. அவளுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை. இன்னொரு கவலை பக்கத்து வீட்டு அத்தையைப் பற்றியது. அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. முந்தாநாள் மாலைதான் கூடத்தில் உட்கார்ந்து தம்பியோடு ஒரு மணி நேரம் பரமபதம் ஆடிவிட்டுப் போனார். "அன்றைக்குப் பையனுக்கு ஒன்றுமே இல்லையே! சொன்னால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வீணாகப் பயப்படும், சொல்லாதே" என்கிறார் பாட்டி.

சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதற்கு விடை காண, அந்த நோயைப் பற்றிச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

எந்த அம்மை?

முதலில், இது சின்னம்மைதானா? வேர்க்குருவும் பூச்சிக்கடியும் சில சமயம் ஏமாற்றும். தட்டம்மையில் மூக்கொழுகல், இருமல், கண் சிவத்தல் எல்லாம் முன்னே வரும், பிறகு முகத்தில் தொடங்கித் தடிப்புகள் இறங்கும், நீர்க்கொப்புளம் இராது. சின்னம்மைக் கொப்புளமோ சிவந்த தோலின்மேல் தெளிந்த நீர்த்துளி உட்கார்ந்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் உடலின் நடுப்பகுதியில்தான் நிறைய வரும். கை கால்களில் குறைவு. மூன்று நான்கு நாட்களுக்குப் புதிது புதிதாக அணிவகுத்து வருவதால், ஒரே நாளில் ஒரே இடத்தில் புள்ளி, கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் பார்க்கலாம். மொத்தம் 250 முதல் 500 வரை எழக்கூடும்.

பெரியம்மை இதற்கு நேர்மாறு. முகத்திலும் கை கால்களிலும் நெருக்கமாக வரும். உள்ளங்கை, உள்ளங்காலையும் விடாது. எல்லா முத்துகளும் ஒரே பருவத்தில் இருக்கும். சென்னைத் தொண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ஆர். ராவ் 1960-களில் ஏறத்தாழ 7000 பெரியம்மை நோயாளிகளைக் கூர்ந்து ஆராய்ந்து, 1972-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். பெரியம்மையைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அந்த மருத்துவமனைப் படுக்கைகளின் அருகிலிருந்து வந்தது என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை.

இந்த வேறுபாடு ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். அதன்பின் ஒரு நோயாளியைக் காட்டிக்கொடுத்தால் 1000 ரூபாய் பரிசு என்று அரசு அறிவித்தது. தகவல்கள் குவிந்தன. பார்க்கப் போனால் ஏராளமானவை சின்னம்மை! உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர், சோமாலியாவில் ஒரு மருத்துவமனையில் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் அவருக்கு முதலில் மலேரியா என்றார்கள், பிறகு சின்னம்மை என்றார்கள். தேறிவிட்டார். 1980 மே 8-ஆம் நாள் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது.

ஆகவே தம்பிக்கு வந்திருப்பது பெரியம்மையாக இருக்க வழியில்லை. ஆனாலும் கொப்புளத்தை டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. கிளம்புமுன் தொலைபேசியில் சொல்லிவிட்டால், கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நிறைந்த வரிசையில் தம்பியை உட்கார வைக்காமல் தனியே பார்ப்பார்கள்.

வேப்பிலை ஏன் பிந்திவிடுகிறது?

பெரியம்மையில் முதல் சில நாட்கள் கடுங்காய்ச்சல் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். அந்த நாட்களில் நோய் அநேகமாகப் பிறருக்குத் தொற்றுவதில்லை. வாயிலும் தோலிலும் முத்துகள் தோன்றிய பிறகுதான் தொற்றும். அதாவது, கண்ணுக்குத் தெரிந்த பிறகே பரவும். முத்தைக் கண்டதும் வாசலில் வேப்பிலை கட்டி, போக்குவரத்தை நிறுத்தும் வழக்கம் அந்த நோய்க்கு மிகவும் பொருத்தமான ஏற்பாடு. பெரியம்மையை ஒழித்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே: நோயாளியைக் கண்டுபிடி, அவரைப் பிரித்து வை, சுற்றியிருப்பவர்களுக்கு அம்மை குத்து.

சின்னம்மை அப்படியல்ல. அதை உண்டாக்கும் வைரஸ் மூச்சின் வழியே உள்ளே போகிறது. தொண்டையிலும் நிணநீர்க் கணுக்களிலும் பெருகுகிறது. ரத்தத்தின் வழியே தோலை அடைகிறது. கொப்புளம் எழுவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே மூச்சிலும் இருமலிலும் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தை படுத்திருக்காது. பள்ளிக்கூட பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்! ஒரே வீட்டில் இதுவரை நோய் வராத, தடுப்பூசியும் போடாத 10 பேர் இருந்தால் 9 பேர் வரை இது பிடித்துவிடும்.

பாட்டி 12-ஆம் தேதி வேப்பிலை கட்டினார். வைரஸ் 10-ஆம் தேதியே வாசலைத் தாண்டிவிட்டது. அன்றுதான் அத்தை பரமபதம் ஆடினார்.

நாள் கணக்கு

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னம்மைக் கிருமி உடலில் புகுந்து 10 முதல் 21 நாட்களுக்குள் கொப்புளம் தோன்றும்; பெரும்பாலும் 14 முதல் 16 நாட்களில். தம்பிக்கு பிப்ரவரி 12-இல் தோன்றியது. பின்னோக்கி எண்ணினால், ஜனவரி 22-க்கும் பிப்ரவரி 2-க்கும் இடையில் அவனுக்குத் தொற்றியிருக்க வேண்டும். "பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதே ஒட்டிக்கொண்டது" என்று அப்பா சொன்னால், கணக்கு ஒத்துக்கொள்ளாது. வடலூர்த் தைப்பூசம் அந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் வந்திருந்தால் அந்தக் கூட்டத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் திறந்த வெளியில் கடந்துபோகும் கூட்டத்தைவிட, மூடிய அறையில் அருகே உட்கார்ந்திருப்பவரே அதிக ஆபத்து.

இப்போது அக்கா. தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பதால், அவன் தொற்றவைக்கத் தொடங்கிய பிப்ரவரி 10 அவளுக்கு முதல் நாள். அவனுடைய கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும் நாள், 18-ஆம் தேதி என்று கொள்வோம்; அது கடைசி நாள். அவளுக்கு வருவதானால் பிப்ரவரி 20-க்கும் மார்ச் 11-க்கும் இடையில் வரலாம். பெரும்பாலும் 26-ஆம் தேதியை ஒட்டி. வருமுன் இரண்டு நாள் தொற்றும் என்பதையும் சேர்த்தால், 18-ஆம் தேதியிலிருந்தே அவள் பிறருக்கு ஆபத்தாகலாம். செய்முறைத் தேர்வு சரியாக இதற்குள் விழுகிறது. பள்ளியில் இப்போதே சொன்னால் வேறு நாளில் நடத்த வழி உண்டா என்று பார்ப்பார்கள். மார்ச் கடைசியில் தொடங்கும் பொதுத்தேர்வுக்கு, எப்படிக் கணக்கிட்டாலும், இடையூறு இல்லை. அம்மாவின் கவலையில் பாதி இங்கே தீர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. தொற்றிய மூன்று நாட்களுக்குள், தவறினால் ஐந்து நாட்களுக்குள், தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ லேசாகவோ போக வாய்ப்பு இருக்கிறது. அக்காவுக்கு அந்தக் கெடு 13, கடைசியாக 15. வீட்டில் இரண்டாவதாக நோய் காண்பவருக்கு முதலாமவரைவிடக் கடுமையாக வருவதுண்டு. வயது ஏறினாலும் கடுமை ஏறும். ஆகையால் அவளுக்கு ஒரு புள்ளி தோன்றினாலும் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். அசைக்ளோவிர் மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். சீக்கிரம் தொடங்கினால்தான் பயன்.

பக்கத்து வீட்டு அத்தை

சிறு வயதிலேயே சின்னம்மை வந்திருந்தால் அத்தைக்குக் கவலையில்லை. ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வருவது அரிது. ஆனால் வந்திருக்கும் என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. குளிர் நாடுகளில் தடுப்பூசிக் காலத்துக்கு முன்பு அநேகமாக எல்லாரும் பத்து வயதுக்குள் இந்த நோயைக் கண்டுவிடுவார்கள். வெப்ப நாடுகளில் வளர்ந்த பிறகும் வராதவர்கள் நிறையப் பேர். தென்னிந்தியாவைச் சேர்ந்த பலர், கேரளத்தார் உட்பட, இருபது வயதுக்கு மேல்தான் அவதிப்படுகிறார்கள்.

கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைத் தாக்கி நிமோனியா ஆகக்கூடும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் எழுந்தால், பிறக்கும் குழந்தைக்கு உயிராபத்து. தாயின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக் குழந்தைக்கு அனுப்புமுன் வைரஸ் போய்ச் சேர்ந்துவிடுவதே காரணம். எட்டு மாதக் கர்ப்பிணி என்றால் இந்த நாட்கள் தொலைவில் இல்லை. சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ். அதைக் கர்ப்பிணிக்குப் போட முடியாது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால், ஆயத்தமான எதிர்ப்பொருளையே ஊசியாகச் செலுத்தலாம். அதற்கும் கெடு உண்டு: தொற்றிய 10 நாட்களுக்குள். அத்தைக்கு அது பிப்ரவரி 20.

ஆகவே சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்ல வேண்டும். அம்மா வாசலில் நின்றபடி கூப்பிட்டுச் சொன்னால் போதும். வேப்பிலை "இனிமேல் வராதே" என்கிறது. ஏற்கெனவே வந்துபோனவர்களிடம் அது பேசுவதில்லை. அந்த இரண்டு நாட்களில் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலை வீட்டிலுள்ள மாணவர்களே தயாரிக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுபவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், பச்சைக்குழந்தை, கர்ப்பிணி ஆகியோரின் பெயர்கள் முதலில் வர வேண்டும்.

தம்பிக்கு என்ன செய்வது?

ஆரோக்கியமான சிறுவனுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அரிப்புதான் பெரிய துன்பம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறிந்த இடத்தில் வேறு கிருமிகள் புகுந்து சீழ் வைப்பதே தழும்புக்கு முக்கியக் காரணம். வேப்பிலையால் மெல்ல வருடினால் இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் உடைந்த கொப்புளங்களின்மேல் எதையும் அரைத்துப் பூசாதீர்கள். இளநீர், மோர், கூழ் தரும் வழக்கம் நல்லது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை குளிக்கக்கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை. வெதுவெதுப்பான நீரில் தினமும் குளித்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம். காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையின்போது அது குழந்தைகளின் ஈரலையும் மூளையையும் கெடுக்கும் ஓர் அபூர்வ நோயை வரவழைத்துவிடலாம். மூச்சுத்திணறல், தள்ளாட்டம், ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், "அம்மைக்கு மருந்து ஆகாது" என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பொருக்குகள் உதிரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எல்லாம் காய்ந்து, புதிதாக எதுவும் எழாவிட்டால் பள்ளிக்குப் போகலாம். சின்னம்மைப் பொருக்கு தொற்றாது.

தாத்தாவின் அக்கி

எல்லாம் சரி, தம்பிக்கு யாரிடமிருந்து வந்தது? அவன் வகுப்பில் யாருக்கும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. ஆனால் ஜனவரிக் கடைசியில் தாத்தாவுக்கு இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் எழுந்து எரிந்தன. அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்பவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார். தம்பிதான் அவருக்குத் துணி மாற்றிவிட்டான்.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் என்ன சம்பந்தம்? அக்கி வந்தவர் அருகில் இருந்த குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹங்கேரி நாட்டு மருத்துவர் போக்காய் கவனித்தார். 1950-களில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் இரண்டு நோய்களின் கொப்புள நீரிலிருந்தும் வைரஸை வளர்த்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே! சின்னம்மை ஆறியபின் வைரஸ் சாவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. முதுமையில் உடலின் காவல் தளரும்போது, ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகிறது. அந்தக் கொப்புள நீர், சின்னம்மை வராத குழந்தைக்குத் தொற்றினால் சின்னம்மை.

பெரியம்மையை ஒழித்த உலகம் இதை ஒழிக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியுமுன்பே பரவுகிறது; பரவி முடிந்த பிறகும் ஒளிந்திருக்கிறது. தடுப்பூசி இருக்கிறது. ஜப்பானில் மிச்சியாக்கி தாகாஹாஷி, 1964-இல் தம் சிறு மகன் சின்னம்மையால் பட்ட பாட்டைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கி, 1974-இல் அதை உருவாக்கினார். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் டாக்டரைக் கேட்டுப் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தாத்தாவுக்குச் சின்னம்மை வந்தது பத்து வயதில், கிராமத்தில் என்று வைத்துக்கொள்வோம். நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கிய 1957-க்கும் முன்பு. அன்றைக்கு அவர் உடலில் புகுந்த அதே வைரஸின் வழித்தோன்றல்தான் இன்று தம்பியின் மார்பில் கொப்புளமாக நிற்கிறது.