மண்ணுக்குள் சொட்டும் கழிவுநீர்

பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில், சுத்திகரித்த கழிவுநீரை மண்ணிலேயே சேர்க்கச் சொட்டுநீர்க் குழாய்கள் பயன்படுகின்றன. அமெரிக்காவில், களிமண் நிலத்திலும் பாறை மேலோட்டமாக உள்ள நிலத்திலும் அமைந்த வீடுகளுக்கு இம்முறை ஏற்றது. அத்தகைய நிலங்களில் ஆழமான உறிஞ்சுகுழிகள் சரிவர வேலை செய்வதில்லை.

செப்டிக் டேங்கில் கசடு படிந்தபின், பெரும்பாலும் காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள கரிமப் பொருட்களைச் சிதைக்கின்றன. பின்னர் பம்பு, நீரை வடிகட்டி வழியாகக் குழாய்களுக்கு அனுப்புகிறது. இவை தரைக்குக் கீழே சுமார் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில், பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பதிக்கப்படுகின்றன. அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான்கள் இருப்பதால் சரிவிலும் நீர் சீராகப் பரவும்.

நேரக் கருவி ஒரு நாளின் நீரைச் சிறு தவணைகளாகப் பிரித்து விடுகிறது. இடைவேளைகளில் மண்ணுக்குள் காற்று புகுகிறது. எஞ்சிய கிருமிகளை மண் வடிகட்டுகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஒரு பகுதியைப் புல்வேர்கள் எடுத்துக்கொள்கின்றன.

அடைப்புதான் முக்கியச் சிக்கல். வடிகட்டியைக் கழுவுவதும், குழாய்களில் வேகமாக நீர் பாய்ச்சிப் படிவை அகற்றுவதும் அவசியம். பம்பு நின்றதும் சேறு உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்கக் காற்று வால்வுகள் பொருத்தப்படுகின்றன.