பிள்ளையின் உறக்கத்தைக் காத்துக்கொள்ளுங்கள்

மாநகரின் ஒற்றை அறை வீட்டில், தகப்பனார் பணி முடித்துத் திரும்பும்வரை விளக்கும் தொலைக்காட்சியும் அணைவதில்லை. அவர் முகத்தைக் காணக் காத்திருக்கும் பிள்ளை நள்ளிரவில்தான் கண்ணயருகிறது. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கு எழுப்புகிறீர்கள். அது இழப்பது என்ன?

உறக்கத்தில் மூளை ஓய்ந்து கிடப்பதில்லை. மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டென்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953-ல் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்பொழுதே எழுகின்றன. சுமார் 90 நிமிடங்களுக்கொருமுறை திரும்பும் அக்கட்டம், விடியலை நெருங்குகையில் நீளுகிறது. பாதியில் எழுப்பப்படும் பிள்ளை அதையே அதிகம் இழக்கிறது. பகலில் கற்றவை நினைவில் நிலைபெறுவதற்கும் நிறைவான உறக்கம் வேண்டும்.

இரவுத் தேநீரையும் கவனியுங்கள். விழித்திருக்கையில் மூளையில் சேரும் அடினோசின் என்னும் பொருளே உறக்கத்தை வருவிக்கிறது; தேநீரிலுள்ள காஃபின் அதன் வேலையைத் தடுக்கிறது. பெரியவர்களின் உடலில் அக்காஃபினில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணிநேரமாகும். மதுவோ விரைவில் உறங்கவைத்து, பின்னிரவில் உறக்கத்தைக் குலைக்கிறது. உறங்குவதற்காகக் குடிப்பவர் உறக்கத்தையே இழக்கிறார்.

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணிநேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணிநேரமும் உறங்கவேண்டுமென 2016-ல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது.

ஆகவே பிள்ளையின் மந்தத்தைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன், அது உறங்கிய மணிநேரங்களை எண்ணிப்பாருங்கள். வீடு சிறியதானாலும் ஒரு மூலையில் திரை கட்டலாம். தகப்பனாரோ, விடுமுறை நாளின் பகற்பொழுதைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவைக்கலாம்.